புது மிஷினுக்குப் பொட்டு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அது கிளம்ப மறுத்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றிருந்ததுதான். மாலை நான்கு மணிக்கு மகளின் கல்லூரி சார், மதுரையை ஒட்டிய பரவையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வருவதாக இருந்தார்.

மகள் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம். தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டுவதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. பையன்கள் இருட்டும்வரை கல்லூரி லேபில் இருப்பார்கள். இவள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதனால் எங்கள் முன்னறையில் தையல் மிஷின் மேல் பலகை போட்டு, நாலு மாதமாகக் கட்டினாள். "வீட்டுல கட்டினதை நான் எப்படி நம்புறது? நேர்ல வந்து பார்க்கிறேன். ஓடினா உன் பேர்ல தனியா காட்டு. ஓடலைன்னா பசங்க குழுவுல சேர்ந்து ரெக்கார்டு எழுது" என்று சார் சொல்லியிருந்தார். சனிக்கிழமை பரீட்சை.

வியாழக்கிழமை சாயங்காலம் அது ஓடியது. பழைய கறுப்பு வெள்ளை டிவியில் நாலு வரி எழுத்து வந்து, கீழே ஒரு சின்னக் கட்டம் விட்டுவிட்டு மின்னியது. மில்லிலிருந்து வந்த என் கணவர் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அதே திரையில் எழுத்துகள் தாறுமாறாகச் சிதறி, உறைந்து நின்றன. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். வேறு விதமாகச் சிதறின.

நான்தான் காரணமோ என்று பயந்தேன். விடியற்காலையில் அவள் குளிக்கப் போனபோது, புது மிஷினைப் பொட்டு வைக்காமல் எப்படிச் சாரிடம் காட்டுவது என்று பெட்டியின் மூடியைத் திறந்தேன். போர்டின் நடுவில், மரவட்டை மாதிரி இரண்டு பக்கமும் கால்களோடு ஒரு பெரிய கறுப்பு சிப் இருந்தது. அதுதான் தலைமை என்று தோன்றியது. அதன்மேல் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தேன். அவசரத்தில் சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டது. ஓரத்தில் வழிந்ததைப் பார்த்தும் மூடியைப் போட்டுவிட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பை அடுத்துச் செய்தேன். மகள் வோல்டேஜ் பார்க்கும் மீட்டரை இரவல் வாங்கிவரப் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு ஓடினாள். அந்த நேரத்தில் முந்தானையை நனைத்துப் பொட்டைத் தடம் தெரியாமல் துடைத்தேன். அவள் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டபோது சிதறிய எழுத்துகூட இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

மீட்டரோடு எலக்ட்ரீஷியனும் வந்திருந்தார். "மதினி, இது வோல்டேஜுதான். அம்புட்டு பம்புசெட்டும் ஓடுற நேரம். ஸ்டெபிலைசர் ஒண்ணு வச்சா எந்திரிச்சிரும்."

மகள் மூடியைத் திறந்து மீட்டரை வைத்தாள். "இல்ல சித்தப்பா. வெளிய குறைஞ்சாலும் உள்ள அஞ்சு வோல்ட் சரியா வருது. பாருங்க."

பார்த்தார். "அப்ப என் வேலை முடிஞ்சுச்சு. காப்பி இருந்தா குடிச்சிட்டுப் போறேன்."

அவள் பதறவில்லை. ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்து, நோட்டில் முந்தைய நாள் குறித்திருந்ததோடு ஒப்பிட்டாள். வயரில் மின்துடிப்பு இருந்தால் எரியும் சின்ன விளக்கு ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தாள். அதை வைத்துத் தேடிக்கொண்டே போய், அந்தப் பெரிய சிப்பின் ஓரத்தில் நின்றாள். விளக்கு எரியவில்லை. மணி பதினொன்று.

"எட்டு பத்துக்குச் சிதறிச்சு. எட்டரைக்கு ஒண்ணுமே வரல. நடுவுல யாரும் தொடலைன்னா அது மாறியிருக்காது" என்றாள் தனக்குள் பேசுவதுபோல.

"நான் அது பக்கமே போகல, தாயி. தும்மல் வந்தாக்கூட வாசலுக்குப் போறேன்" என்றார் அன்று மில்லுக்கு விடுப்பு போட்டிருந்த கணவர்.

நான் சொல்லிவிட்டேன். சந்தனம், தண்ணீர், முந்தானை, எல்லாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்முன் கைகட்டி நிற்பதுபோல் நின்றேன். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். "எந்தப் பக்கமிருந்து துடைச்ச? எம்புட்டு ஈரம்? சொட்டுச்சா?" டாக்டர் கேட்பதுபோல் கேட்டாள். நானும் நோயாளி மாதிரி பதில் சொன்னேன்.

"சரி, தண்ணி அடியில போயிருக்கும். கழட்டணும். போர்டை நீதான் பிடிக்கணும்."

"நானா? அப்பா பிடிக்கட்டுமே."

"அப்பா கைக்கு ஆட்டம் ஜாஸ்தி. நீ பிடி. கை நடுங்குனா சொல்லு, நிறுத்திக்கலாம்."

நாற்பது கால்கள். ஒன்று முறிந்தாலும் மதுரையில் வேறு கிடைக்காது, மெட்ராஸிலிருந்து வரவழைத்தது. சின்ன ஸ்க்ரூடிரைவரை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நெம்பினாள். நான் போர்டை அசையாமல் பிடித்திருந்தேன். சிப் கையோடு வந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் மஞ்சளாக ஈரம் தேங்கியிருந்தது. மருந்துக்கடை ஸ்பிரிட்டும் புது பல் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு காலையும் தேய்த்தாள். வளைந்திருந்த ஒரு காலை நகத்தால் நிமிர்த்தினாள். பிறந்த குழந்தையின் விரலைப் பிரிப்பதுபோல் இருந்தது. ஒரு மணி நேரம் காற்றில் வைத்துவிட்டு, திரும்ப மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். நாலு வரியும் வந்தன. நான் அதே நாலு வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். இரண்டு மாதம் ஆகிறது, ஈரத்துணியை எடுத்தால் இன்னும் கை தயங்குகிறது. ஆனால் யாராவது என் மகளைப் பற்றிக் கேட்டால் முதலில் அந்தப் பதினொரு மணியைத்தான் சொல்கிறேன்.

சார் ஸ்கூட்டரில் வந்தபோது மணி நாலரை. அவர் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்: "காலையில ஓடல சார். பிராசசருக்கு அடியில ஈரம் போயிருந்துச்சு. கழட்டிச் சுத்தம் பண்ணேன்." ஈரம் எப்படிப் போனது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சார் ஐந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டார். ஐந்து தடவையும் கிளம்பியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்:

"நாளைக்கு உன் பேர் மட்டும் போட்டுக் கொண்டு வாம்மா. முதல்ல நீ காட்டு. காட்டிட்டு வீட்டுக்குப் போயிடாதே, லேப்லயே இரு. பசங்க கட்டின கம்ப்யூட்டர் ரெண்டும் இன்னும் கிளம்பல."