மிச்சம் வைப்பதற்காகச் சமைத்த கறி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். அவள் பேனாவுக்குப் புத்தகத் தமிழ்தான் வரும். அதனால் என் வாயிலிருந்து வருவதெல்லாம் குளித்துத் தலை சீவிக்கொண்டுதான் காகிதத்தில் உட்காருகிறது. உட்காரட்டும், விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

விஷயம் உருளைக்கிழங்கு பை. அடியில் கறி, மேலே மசித்த கிழங்கு, ஓவன் அடுப்பில் வைத்து மேல்பக்கம் சிவக்க எடுப்பது. இதில் எது அசல், எது போலி என்று டெக்சாஸில் ஒரு கூட்டமே எனக்குப் பாடம் நடத்தியது. யாருக்கு? பொன்மலை ரயில்வே காலனியில், சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியர் வீட்டில், இருபத்திரண்டு வருஷம் திங்கட்கிழமை தவறாமல் அதைச் செய்தவளுக்கு! அந்த வீட்டுப் பெரிய துரைசானி இங்கிலாந்தில் பிறந்தவள். கிழங்கில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள். என்னிடம் ஒருநாளும் தள்ளியதில்லை.

டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் மகன் வீடு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீடெல்லாம் கார்ப்பெட் என்பதால் மீன் பொரிக்க மட்டும் கராஜில் எனக்கு ஓர் அடுப்பு போட்டுக் கொடுத்திருந்தார்கள். காருக்கு முன்னால் நின்று வஞ்சிரம் பொரித்திருக்கிறீர்களா? நான் பொரித்திருக்கிறேன். சரி, அது வேறு கதை.

அந்த ஊர் மாதா கோயிலில் எந்த விருந்து என்றாலும் ஒரு லிஸ்ட் வரும். யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று சமையல்கட்டுத் தலைவி எழுதுவாள். ஆறடி உயரம், கழுத்தில் பெரிய சிலுவை, கையில் எப்போதும் அட்டையில் செருகிய பேப்பர். மூன்று வருஷமாக என் மருமகள் பேருக்கு நேரே அவள் எழுதியது பேப்பர் தட்டு, நாப்கின், ஐஸ். இவள் நண்டுக் குழம்பு வைத்தால் மூன்று வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள், அப்படிப்பட்டவளுக்கு ஐஸ்! நம்மைச் சமைக்க விட்டால் ஹாலே மசாலா நாறும் என்ற பயம் அந்தம்மாவுக்கு. ஒவ்வொரு முறையும் மருமகள் வீடு திரும்பி, "பரவாயில்லத்த, யாராவது தட்டும் கொண்டு வரணும்ல" என்பாள். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். சாப்பாட்டு வரிசையில் ஒரு தடவையாவது தன் பேர் வரவேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வேறொன்றும் கேட்கவில்லை பாவம்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஐரிஷ்காரர்களின் புனிதருக்குத் திருநாள் விருந்து வந்தது. அந்த விருந்துக்குச் சாப்பாடே இந்தப் பைதான். செய்ய வேண்டிய ஏழு பேரில் ஒருத்திக்கு முழங்காலில் ஆபரேஷன். நான் செய்கிறேன் என்று மருமகள் கையைத் தூக்கிவிட்டாள். தலைவி யோசித்து யோசித்து ஒரு பேப்பரைக் கொடுத்து, "அசலாக இருக்க வேண்டும்" என்று சொன்னாளாம். மருமகள் அதை வாசித்துக் காட்டினாள்.

"செம்மறிக் குட்டிக்கறி, மெஷின்ல அரைச்சது. ஸ்வீட் கார்ன் ஒரு டின். மேல சீஸ். கிழங்கு..." என்று நிறுத்தினாள்.

"கிழங்கு?"

"டப்பாவுல பவுடரா வருதாம் அத்த. வெந்நி ஊத்துனா போதுமாம்."

நான் சிரித்த சிரிப்பில் பேத்தி டிவியை விட்டு ஓடி வந்தாள். பவுடர் முகத்துக்குப் பூசுவது. கிழங்கைத் தோலோடு அவித்து, கை சுடச்சுட உரித்து, வெறும் சட்டியில் திரும்பப் போட்டு ஈரம் போகிறவரை அனலில் காட்டி, அப்புறம்தான் மசிக்க வேண்டும். வெண்ணெய், சூடான பால், மிளகு. கறி ஆறின பிறகுதான் கிழங்கை மேலே பரப்ப வேண்டும், சூட்டில் பரப்பினால் அமுங்கிப்போகும். முள்கரண்டியால் கோடு இழுத்தால் கோட்டு விளிம்பெல்லாம் முறுகும். சீஸ் போடுகிறவர்கள் கிழங்கைச் சரியாக மசிக்கத் தெரியாமல் போர்வை போட்டு மூடுகிறவர்கள்.

"எல்லாத்துக்கும் மேல, அது பழைய கறியா இருக்கணும்" என்றேன்.

மருமகள் முகம் மாறிவிட்டது. "என்னது?"

"ஞாயித்துக்கெழம ரோஸ்ட் பண்ணி மிஞ்சுனத திங்கக்கெழம கத்தியால பொடியா அரிஞ்சு செய்யிறதுதான் பை. புதுக்கறிய அரைச்சுப் போட்டா அது கைமா."

"அத்த, ப்ளீஸ். மூணு வருஷம் கழிச்சு மொத தடவ சமைக்கச் சொல்லியிருக்காங்க. பழசக் கொண்டாந்து வச்சான்னு பேராயிடும்."

"பேரு கெட்டா எம்மேல போடு."

இதில் இன்னொரு சிக்கல். அது தவக்காலம். எங்கள் வீட்டில் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர்வரை நாற்பது நாளும் சுத்தபோசனம், கறி வாசனையே கிடையாது. அமெரிக்காக்காரக் கத்தோலிக்கர்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கணக்கு. மற்ற நாளெல்லாம் ஹாம்பர்கர். ஒரு நாள் விட்டதற்கே சிலுவை சுமந்த களைப்பு அவர்கள் முகத்தில்! அப்படியென்றால் எங்கள் வீட்டில் கறி எப்படி மிஞ்சும்? மிச்சம் வைப்பதற்காகவே சமைத்தோம். மகன் ஆஸ்டின் ஹலால் கடைக்குப் போய் வெள்ளாட்டுத் தொடை வாங்கி வந்தான். செம்மறி எனக்கு ஆகாது, கம்பளி வாடை. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் செய்து, ஒருத்தரும் தொடாமல், மூடி ஃபிரிஜ்ஜில் வைத்தோம். மகன் ஃபிரிஜ்ஜைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அது மிஞ்சுன கறி, தொடாத" என்றேன். "யாருக்கும்மா மிஞ்சுச்சு?" என்றான்.

செவ்வாய்க்கிழமை விருந்து. காலையில் கறியை அரிந்து, வெங்காயம் வதக்கி, ரோஸ்ட் சாறும் சொட்டு வினிகரும் விட்டுக் கிண்டினேன். அப்போதுதான் உறைத்தது, உப்புப் பார்க்க ஆளில்லை. ரோஸ்ட்டுக்கு மருமகள் உப்புப் போட்டேன் என்கிறாள், நான் போட்டேன் என்கிறேன். நாக்கில் வைத்தால் நோன்பு போச்சு. பேத்திக்கு எட்டு வயசு, அவளுக்குக் கட்டாயமில்லை. கூப்பிட்டு ஒரு ஸ்பூன் கொடுத்தேன்.

"உப்பு எப்படிடி?"

"இட்ஸ் குட், அப்பாயி."

இட்லிக்குக் கெச்சப் தொட்டுக்கொள்கிறவள் அவள். அவள் வாக்கை நம்பித்தான் பையை ஓவனுக்குள் தள்ளினேன்.

ஹாலில் பச்சைத் துணி விரித்து ஏழு பை வரிசையாக இருந்தது. தலைவியுடையது ஆரஞ்சு நிறச் சீஸ், பெயிண்ட் அடித்த கதவு மாதிரி. இன்னொன்றில் சோளம் எட்டிப் பார்த்தது. நம்முடையது வெறும் பழுப்புக் கோடு. வரிசையில் வந்தவர்கள் நம் பாத்திரத்தைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மருமகள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்தது, கண் பாத்ரூம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் பச்சைச் சட்டைக் கிழவர் ஒருவர் ஒரு கரண்டி வாங்கினார். உட்கார்ந்ததும் வாயில் வைத்துப் பார்க்காமலே உப்பு டப்பாவை எடுத்து மழை மாதிரித் தூவினார். பக்கத்தில் உட்கார்ந்தவரும் அப்படியே. எல்லா மேஜையிலும் அதே கூத்து. இந்த ஊருக்காகவா காலையில் நான் உப்புப் பார்க்க ஆள் தேடினேன்! ஆனால் அந்தக் கிழவர் எழுந்து வந்தார். இரண்டாவது தரம் வாங்கினார். மூன்றாவது தரம் மேஜையையே கூட்டி வந்தார். சோளப் பை அப்படியே கிடக்க, நம் பாத்திரத்தின் ஓரத்தை ஒருவர் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

தலைவி தட்டோடு வந்தாள். பாதி தின்றிருந்தாள். ஏதோ கேட்டாள்.

"எந்தக் கடை ஆட்டுக்குட்டின்னு கேக்கறாங்க அத்த" என்று மருமகள் மெல்லச் சொன்னாள். "என்ன சொல்ல?"

"உள்ளதச் சொல்லு. வெள்ளாடு, முந்தாநாத்து ரோஸ்ட்டு."

அவள் சொன்னாள். தலைவியின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. திரும்ப ஏதோ சொன்னாள்.

"அது அந்தப் பேப்பர்ல இல்லையாம்."

"பேப்பரு தப்புன்னு சொல்லு."

வழக்கமாக நான் சொல்வதில் பாதியைத்தான் இவள் இங்கிலீஷில் சொல்வாள், மீதியை விழுங்கிவிடுவாள். அன்றைக்கு முழுசாகச் சொன்னாள். "ராங்" என்ற ஒரு வார்த்தை எனக்கே புரிந்தது. அந்த ஆறடி அம்மா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், நின்றபடியே மீதியையும் தின்று முடித்தாள். வேறென்ன செய்வாள், தட்டில் இருந்ததே அதுதான்.

கிளம்பும் நேரத்தில் ஈஸ்டர் விருந்துக்கு லிஸ்ட் எழுத அட்டையோடு சுற்றி வந்தாள். எங்களிடம் வந்ததும், பழக்க தோஷம், பேனா தானாகப் பேப்பர் தட்டு எழுதும் கடைசி வரிக்கு இறங்கியது. மருமகள் "எக்ஸ்க்யூஸ் மீ" என்று பேனாவை அவள் கையிலிருந்து எடுத்தாள். பிடுங்கவில்லை, எடுத்தாள். அட்டையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு குனிந்து எழுதினாள்.

"என்னடி எழுதுறா ஒங்கம்மா?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"மெயின் டிஷ், அப்பாயி. அப்புறம் மாம் நேம். ரியலி பிக்."

தலைவி என்ன டிஷ் என்று கேட்டாள் போலிருக்கிறது. மருமகள் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னும் முடிவு பண்ணலைன்னு சொன்னேன் அத்த, வாங்க போலாம்" என்றாள்.