தொட்டுப் பார்க்காத சந்தேகம்

ஆம்பூர் தோல்மண்டியில் தரம் பிரிப்பதற்கு இஷ்தியாக் அகமதுவை மிஞ்ச ஆள் கிடையாது. யார் பேச்சையும் நம்ப மாட்டார். முதல் தரம் என்று நாலு பேர் சத்தியம் செய்த தோலில், அவர் விரல் கத்திக்கீறலைக் கண்டுபிடிக்கும். எதிரே நின்று தோலைப் புரட்டிக் கொடுத்தவன் நான், ராமலிங்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் அவர் சந்தேகம் ஜாஸ்தியானது. கட்டுக் கட்டாகத் தோலை ஆகாது என்று தள்ளினார். இவ்வளவு கண்டிப்பான ஆள் வேறு எந்த மண்டியில் உண்டு என்று முதலாளி மக்பூல் அகமது பூரித்துப்போனார். பிறகு கிணற்றுத் தண்ணீரில் யாரோ எதையோ கலப்பதாக இஷ்தியாக் பாய் சொன்னார். மனுஷர் சுபாவமே அப்படித்தான் என்றோம். மனைவி சமைத்ததை ஒதுக்கிவிட்டு வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றார். அதற்கும் சிரித்தோம். இரண்டு வருஷம் சிரித்தோம். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிரிக்காதவர் அவர் மனைவி ஜஹீருன்னிசா ஒருவர்தான். ஒரு நாள் என்னை வரச்சொல்லி, கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“அண்ணே, தோலைத் தள்றப்போ இவரு தொட்டுப் பாக்குறாரா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதக்கணக்காக அவர் எதையும் தொடவேயில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆகாது, தள்ளு என்பார். அவ்வளவுதான்.

“இங்கயும் அப்படித்தான். ரொட்டியைத் தொடாமலே விஷம்ன்றாரு. தொட்டுப் பாக்காத சந்தேகம் இவரு சுபாவம் இல்லண்ணே. இது நோவு.”

மதராஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று அவர் சொன்னதும் இஷ்தியாக் பாயின் மைத்துனர் ஹபீப், குடும்ப மானம் போய்விடும் என்று குதித்தார். எலும்பும் தோலுமாக நின்ற கணவரைக் காட்டி, இதில் எந்த மானத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். ஹபீப் டிக்கெட் எடுக்கக் கிளம்பினார். இஷ்தியாக் பாயிடம் அந்த அம்மாள் கெஞ்சவில்லை, பொய்யும் சொல்லவில்லை. என்னை நம்ப வேண்டாம், வந்து நீங்களே பாருங்கள் என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் அவர் ரயில் ஏறினார்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன்.

எட்டு மாதம் கழித்து அழைத்துவரப் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜஹீருன்னிசா தூக்குச்சட்டியைத் திறந்து கணவரிடம் நீட்டினார்.

இஷ்தியாக் பாய் ரொட்டியைக் கையில் எடுத்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். தோலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

“உப்பு கம்மி,” என்றார்.

பர்தாவுக்குள்ளிருந்து எழுந்த சிரிப்பில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் அடுத்த ரொட்டியை எடுத்து நீட்டினார்.

“இதையும் தொட்டுப் பாருங்க.”