பூஜைப் பெட்டியில் ஒரு கட்டு அதிகம்

பேய் பிடித்தவரைக் கோவிலுக்கும் மஞ்சள் காமாலை வந்தவரைப் பச்சிலை வைத்தியரிடமும் கூட்டிப்போவார்கள். ரம்மிப் பைத்தியம் பிடித்த மச்சினனை நான் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். யோசனை என் மனைவியுடையது. அதன் பலன் மட்டும் முழுதாக எனக்கு வந்து சேர்ந்தது.

"ஏனுங்க, புதுசா ஒரு படம் வந்திருக்குதாமா. கேஷியரு ஒருத்தன் ரம்மி ஆடி ஆடி, ஆபீஸ் காசை எடுத்து நாசமாப் போறானாம். தம்பியக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. நாம சொன்னாக் கேக்கமாட்டான். சினிமாக்காரன் சொன்னாக் கேப்பான்."

அவள் தம்பியும் கேஷியர்தான். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கடன் கொடுக்கும் எங்கள் பைனான்ஸில் வேலை. பங்குதாரர்கள் ஆறு பேர். அதில் நான் சுண்டைக்காய்ப் பங்கு. சொந்தத் தொழில் பழைய டயர்களுக்கு ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறை. அந்தச் சுண்டைக்காய்ப் பங்கை வைத்துக்கொண்டுதான் மச்சினனை அங்கே சேர்த்துவிட்டேன். "நம்ம பையனுங்க, தங்கம்" என்று நான் சொன்னது இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது.

தங்கம் போனில் ரம்மி ஆடியதில் என் மனைவியின் சங்கிலி போனது. அதாவது, நிஜத் தங்கம். குலதெய்வக் கோவிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனி சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். பிறகு சட்டமே வந்து பண ரம்மியை மூடியது. கற்பூரமும் சர்க்காரும் ஒரே பக்கம் நின்றதில் எங்கள் வீட்டில் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் சாப்பிட வரும்போது அவன் போனைக் கவிழ்த்து வைப்பதை என் மனைவி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

இந்தக் கதை மற்ற பங்குதாரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்று மாலையே அவனை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவியும் சின்னப் பெண்ணும் இருக்கும் வீட்டுக்கு. எங்கள் ஊரில் பைனான்ஸ்காரர்கள் ரசீதை நம்புவதைவிட முகத்தைத்தான் அதிகம் நம்புவார்கள். ஒருமுறை முகம் கெட்டால் பிறகு நாமக்கல்லில் எந்தக் கல்லாவிலும் உட்கார முடியாது.

படத்துக்குச் சேலம் போனோம். நாமக்கல் தியேட்டரில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பின்வரிசையில் ஒரு பங்குதாரர் இருப்பார்.

படம் ஆரம்பித்ததிலிருந்து நான் திரையைப் பார்க்கவில்லை. மச்சினனைத்தான் பார்த்தேன். அழுகிறானா, திருந்துகிறானா, திருந்தினால் எந்த இடத்தில் திருந்துகிறான் என்று கவனித்தேன். அவன் பாப்கார்ன் தின்றான். நாயகன் முதன்முதலாக ஆபீஸ் பெட்டியைத் திறந்து, கை நடுங்க மேலே இருந்த பணக்கட்டை எடுக்கும் காட்சி வந்தது. தியேட்டரே அமைதியாக இருந்தது. மச்சினன் என் பக்கம் சாய்ந்தான்.

"மேல்கட்டை எவனாச்சும் எடுப்பானா மாமா. பெட்டியத் தொறந்ததும் தெரிஞ்சு போகும். நடுக்கட்டுலதான எடுக்கோணும்."

சொல்லிவிட்டு மறுபடி பாப்கார்ன் தின்றான்.

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நாயகன் செத்தானா, ஜெயிலுக்குப் போனானா, எதுவும் மனதில் ஏறவில்லை. வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்தேன். அவன் இரண்டு செட் சாப்பிட்டான். எனக்கு ஒன்றே தொண்டையில் நின்றது.

வீட்டில் மனைவி கேட்டாள். "எப்படியிருந்துதுங்க? ஏதாவது மாத்தம் தெரியுதா?"

"தெரியுது," என்றேன். "எனக்கு."

மறுநாளிலிருந்து ஆபீஸுக்குப் போகக் காரணம் கண்டுபிடிப்பதே என் வேலையாயிற்று. பேனா மறந்துவிட்டேன் என்று போனேன். மறந்த பேனா சட்டைப்பையில் இருந்தது. காலண்டர் வாங்க வந்தேன் என்றேன். வருஷம் முடியப்போகும் நேரத்தில் காலண்டர் கேட்டவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு முறையும் மச்சினன் டீ சொன்னான். நான் டீயைக் குடித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தேன். இரும்புப் பெட்டி. அதன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவனைத் திருடன் என்று சொன்ன மாதிரி. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும். இரண்டும் வேண்டாமென்றால், ராத்திரி படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கலாம். அதைத்தான் செய்தேன்.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் பைனான்ஸில் அன்று பணப்பெட்டியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பங்குதாரர்கள் ஆளுக்கு நூற்றியொரு ரூபாய் அதில் போடுவோம். பிறகு பூட்டிவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில்தான் திறக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கேஷியர் எண்ணுவான். இருப்பு சரி என்றதும் புதுக்கணக்கு தொடங்கும்.

எல்லோர் முன்னிலையிலும். இந்த இரண்டு வார்த்தைகள் எனக்கு விக்கல் மாதிரி வந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை உதித்தது. குறைந்த பணத்தை நானே வைத்துவிட்டால்? எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. குறைந்ததா என்றே தெரியாது. ஆனாலும் தொகையை நானே நிர்ணயம் செய்தேன். ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று. ஐம்பதாயிரம். ரப்பர் கம்பெனிக்குக் கொடுக்க வைத்திருந்த பணம். என் மச்சினன் ஒரு கட்டுக்கு மேல் போகமாட்டான், அந்த அளவுக்கு நல்ல பையன் என்று அவன்மேல் நம்பிக்கை வைத்தேன்.

வேட்டி மடிப்பில் கட்டைச் செருகிக்கொண்டு பூஜைக்குப் போனேன். பங்குதாரர்களில் மூத்தவர் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். பாதி இந்தியாவுக்கு ஆழ்குழாய்க் கிணறு போட்டவர். மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும் என்பது என் பயம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, இப்படி வேர்த்து ஊத்துது? காய்ச்சலா?"

"பக்திங்ண்ணா."

"உனக்கா?" என்றார்.

பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைக்க எல்லோரும் படியிறங்கி ரோட்டுக்குப் போனார்கள். ஆபீஸ் மாடியில் இருக்கிறது. கீழே ஸ்பேர் பார்ட்ஸ் கடை. விளக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் மட்டும் நின்றேன். பெட்டி இன்னும் பூட்டாமல் இருந்தது. திறந்தேன். கட்டுகள் அடுக்காக இருந்தன. குறைகிறதா என்று பார்க்கவாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கை நடுங்கியது, படத்தில் அந்த நாயகனுக்கு நடுங்கிய மாதிரியே. அவன் எடுத்தான், நான் வைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்து, எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினேன். நடுவில் செருகினேன். கீழே பூசணிக்காய் உடையும் சத்தம் கேட்டது. என் உயிரும் அதோடு போய்வந்தது.

விஜயதசமி காலை. பெட்டி திறந்தார்கள். மச்சினன் எண்ணினான். நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அவன் காதோரம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். சரி, இன்னும் குறைகிறது, இரண்டு கட்டு எடுத்திருக்கிறான் பாவி என்று நினைத்தேன்.

"அண்ணா," என்றான் ரிக் வண்டிப் பெரியவரிடம். "அம்பதாயிரம் அதிகமா இருக்குதுங்க."

எனக்கு அந்த ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. பையன் எடுக்கவில்லை. அடுத்த நொடியில்தான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

"கொறஞ்சா எடுத்தவனத் தேடலாம்," என்றார் பெரியவர். "அதிகமானா யாரத் தேடறது? ஏங்கண்ணு, யாராச்சும் கட்டுன டியூவ எழுதாம உட்டுட்டியா?"

"இல்லீங்கண்ணா. எல்லாம் எழுதியிருக்குதுங்க."

பக்கத்தில் முட்டை வியாபாரம் செய்யும் பங்குதாரர் உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் கனைத்தார். "நானும் ஒரு படம் பாத்தேனுங்க. அதுல கேஷியரு இப்படித்தான். வாங்குன காச எழுதாம வெச்சுக்கறது. எங்கியாச்சும் ஓட்டை உழுந்தா அத வெச்சு அடைக்கறது. நான் பொதுவாத்தானுங்க சொல்றேன்."

பொதுவாகச் சொல்லிவிட்டு, குறிப்பாக மச்சினனைப் பார்த்தார்.

அந்தப் படம் இத்தனை பேருக்குப் புத்தி கொடுக்கும் என்று எடுத்தவருக்கே தெரிந்திருக்காது. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் விரல்கள் ரப்பர் பேண்டை முறுக்கிக்கொண்டே இருந்தன. எடுக்காத பணத்துக்காக ஒருவனுடைய வேலை போகப்போகிறது. காப்பாற்ற வந்த மாமன் நானோ வேட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

"அது என்னுதுங்ண்ணா," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். உண்மையைச் சொன்னால் ரம்மி வெளியே வரும். சொல்லாவிட்டால் பையன் போவான். சாதாரண நாளில் என் வாயில் நகைச்சுவைக்குப் பஞ்சமே கிடையாது. அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது முழங்கால்தான்.

"வேண்டுதலுங்க. முழங்கால் வலி தாங்க முடியல. அம்மனுக்கு முடிஞ்சு வெச்சேன்."

"சொல்லிட்டு வெக்கறதுக்கென்ன?"

"சொன்னாப் பலிக்காதுன்னாங்க."

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்து, "சாமிக்குன்னு வெச்ச காசத் திருப்பி எடுக்கக்கூடாதப்பா. கோயில் அன்னதானத்துக்குக் குடுத்தறலாம்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். முட்டை வியாபாரி என் கையைப் பிடித்து, "பெரிய மனசுங்க உங்களுக்கு," என்றார். ரப்பர் கம்பெனிக்காரன் முகம் என் கண்முன் வந்து போனது.

வலி இருப்பதால் படியிறங்க மச்சினன் என்னைத் தாங்கிக்கொண்டான். பாதிப் படியில் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, எந்தக் கால்?"

நான் கால் மாற்றி நொண்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க என்னையக் கேட்டிருக்கலாமுங்க," என்றான்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"எடுக்கலன்னு."

"எடுத்திருந்தா?"

இன்னும் இரண்டு படி இறங்கினோம். என் எடை முழுவதும் அவன் தோளில் இருந்தது. நடிப்புக்காகச் சாய்ந்தவன் அப்படியே சாய்ந்திருந்தேன்.

"எடுக்கல மாமா. சத்தியமா. ஆனா எதை எடுத்தாத் தெரியாதுன்னு பாத்து வெச்சிருந்தேன். அந்தச் சங்கிலி போன சமயத்துல. அப்பப்பக் கையும் அங்க போச்சு. நீங்க வெச்ச எடம் அதேதான்."

பயந்தது வீண் என்று அதுவரை எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றது.

"சாயங்காலம் பெட்டி பூட்டறப்ப நீங்க வந்து உக்காந்துக்கறீங்களா?" என்றான். "சும்மா. டீ குடிக்க வார மாதிரி."

அன்னதானச் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. "அம்பதாயிரத்துக்கு எனக்குத் தெரியாம ஒரு முழங்கால் வலியா?" என்றாள் மனைவி. முழுவதும் சொன்னேன். தம்பி படியில் சொன்னதையும் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தைலப் பாட்டிலை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கும் நொண்டோணுமல்ல. எந்தக் கால்னு மொதல்ல முடிவு பண்ணிக்குங்க."

இடது கால் என்று முடிவு செய்தோம்.

இப்போது தினமும் சாயங்காலம் படியேறிப் போகிறேன். பங்குதாரர்கள் இருந்தால் இடது காலை இழுத்துக்கொண்டு, இல்லாவிட்டாலும் பழக்கத்தில் இழுத்துக்கொண்டு. மச்சினன் டீ சொல்வான். பிறகு கட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்குவான், வாய்விட்டு எண்ணியபடி. நடுக்கட்டு வரும்போது ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவனைப் பார்ப்பேன். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பான்.

கொஞ்ச நாளாக அந்தக் கால் நிஜமாகவே வலிக்கிறது.