பார்ப்பதற்கென்று ஒரு கிணறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்கு எண்ணூர்ப் பக்கம் வேலை. ஒரு தொழிற்சாலைக்காக அங்கே நிலத்துக்கடியில் பெரிய அறை ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் அதற்குச் ‘சொரங்கம்’ என்றே பெயர். குழிக்குள் ஊறும் நீரைப் பம்புகள் ஓயாமல் இறைத்து வெளியே விட்டன. சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீர் அதனால் எவ்வளவு இறங்குகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க மண்ணில் குழாய்கள் இறக்க வேண்டும். அவற்றுக்கு இடம் குறிப்பது என் பொறுப்பு.

ராயபுரத்திலிருந்து ரயிலில் வந்து மணலில் நடப்பேன். காலை மூட்டத்தில் கடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. என் காலுக்கடியிலும் சத்தமில்லாமல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் நடையே மெதுவாகிவிடும்.

மூன்று மூலையில் மூன்று குழாய் இருந்தால்தான் நீர் சரியும் திசை தெரியும். இரண்டுக்குப் புறம்போக்கில் இடம் கிடைத்தது. மூன்றாவது, குழிக்கும் கடலுக்கும் நடுவே, குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் விழுந்தது. மீன் விற்கும் அம்மாள் ஒருவரின் வீடு அது. கணவர் கடலுக்குப் போயிருந்தார்.

“இன்னா நைனா, எங்க வூட்டாண்ட முளை அடிச்சிகினு கீறே?”

“கிணறு மாதிரி ஒரு குழாய் இறக்கணும்மா. தண்ணி எடுக்கமாட்டோம். எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பார்க்கறதுக்கு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பாக்கறதுக்குன்னே ஒரு கெணறா! சரி, போட்டுக்கோ. ஆனா தண்ணி இன்னா பண்ணுதுன்னு அப்பப்போ என்னாண்ட சொல்லணும்.”

வாரந்தோறும் சொன்னேன். அளவு நாடாவின் நுனியில் குழிவான இரும்புக் குண்டு கட்டியிருக்கும். குழாய்க்குள் விட்டால் நீரைத் தொட்டதும் ‘பொளக்’ என்று ஒரு சத்தம். ஒருநாள் அவரே நாடாவை வாங்கி இறக்கினார். சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். “உள்ள யாரோ பேசறாப்ல கீதுப்பா” என்றார்.

கோடையில் அந்தக் குழாயில் நீர் மளமளவென்று இறங்கியது. வாயில் வைத்துப் பார்த்தேன், லேசாகக் கரித்தது. குழியை நோக்கிக் கடல்நீர் நிலத்துக்குள் வரத் தொடங்கியிருந்தது. அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, நேரே அந்த அம்மாளிடம் போனேன்.

“நீங்கல்லாம் குடிக்கற குப்பத்துக் கிணறு உப்பாயிடும்மா.”

முகம் வாடிவிட்டது. “எங்கதான் நல்லாகீது?”

தெற்கே தென்னந்தோப்பு மேட்டைக் காட்டினேன். புறம்போக்கில் இறக்கிய இரண்டு குழாய்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. அதில் நீர் இறங்கவில்லை, ருசியும் மாறவில்லை. என் கடிதத்துக்கு என்ன செய்வதென்று அலுவலகத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். குப்பத்து ஆண்களை அழைத்துப் போய் அந்த அம்மாள் மேட்டில் கிணறு தோண்ட வைத்தார். ஊற்று கண்டதும் முதல் சொம்பை என்னிடம் நீட்டினார். தென்னை நிழலில் உட்கார்ந்து குடித்தேன். அதன் குளிர்ச்சியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.

மழைக்கு முன் அறை கட்டி முடிந்தது. பம்புகள் நின்றன. கரையெங்கும் திடீரென்று அலைச்சத்தம் மட்டும். வாசல் குழாயில் நீர் மெல்ல ஏறியது. உப்பு மட்டும் போகவில்லை. பழைய கிணற்று நீரில் பாத்திரம் துலக்கினார்கள். குடிக்க மேட்டுக்குப் போய்வந்தார்கள். தூரம்தான், என்றாலும் பெண்கள் மாலையில் குடத்தோடு சேர்ந்து போய், பேசிக்கொண்டே இருட்டுவதற்குள் திரும்பினார்கள்.