பாதிரியார் வீட்டுப் புலிகுத்திக் கல்

எங்கள் மைசூர்ப் பாதிரியார் பாவத்தைவிடப் பழைய செப்புக்காசுகளைப் பற்றித்தான் உருக்கமாகப் பிரசங்கம் செய்வார். அவர் வீட்டுக் கொடியில் அங்கியோடு, எண்ணெய் தடவிய வாள்களும் காயும். கதவுக்கு முட்டு, ஒரு பீரங்கிக் குண்டு. உட்கார இடம் கேட்டால், எந்த நூற்றாண்டு நாற்காலியில் என்பார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்காக நான் இதையெல்லாம் சகித்துக்கொண்டவன்.

அன்று முற்றத்தில் ஒரு கல்லைச் சிமெண்ட் போட்டு நிறுத்தியிருந்தார். ஒருவன் புலியின் வயிற்றில் ஈட்டியைச் செருகுவதுபோல் செதுக்கிய புலிகுத்திக் கல்; புலியோடு மோதி மாண்ட வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்டது. ஹனூர் பக்கம், சாலையை அகலப்படுத்துகிற இடத்தில் கிடந்ததைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி வந்தாராம். மேலே தடித்துப் படிந்திருந்த எண்ணெய்க் கறுப்பைக் குளியலறை ஆசிட் ஊற்றித் தேய்த்தெடுத்துவிட்டார். கல் வெளிறிப்போய் நின்றது.

குழம்பு ஊற்றும்போது வாசலில் டிராக்டர் நின்றது. ஏழெட்டுப் பேர், கையில் கடப்பாரை, உருட்டுக்கட்டை. ஆட்டோக்காரரை விசாரித்து வந்திருந்தார்கள். கல் அவர்களுடைய குலசாமி. சாலை வேலை முடியும்வரை ஓரமாகப் படுக்க வைத்திருந்தார்களாம். சாமியின் முகத்தைப் பார்த்ததும் முன்னால் வந்த பெரியவர் அதை விரலால் தடவிக் கறுப்பைத் தேடினார்.

"ஏனுங்க பாதிரியாரே, எங்க பாட்டன் முப்பாட்டன் ஊத்துன எண்ணெயை உரிச்சுப்போட்டீங்களே. உங்க தோலை உரிச்சா சும்மா இருப்பீங்களா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவரோ, ஆசிட் போட்ட பிறகுதான் புலிக்கு மீசை தெரிந்தது என்று விளக்கினார். முதல் அடி வாயில் விழுந்தது. ஒரு பல் அவர் சட்டைப் பையிலேயே விழுந்தது, சேகரிப்பாளர் அல்லவா. நான் வீரத்தோடு கொடியிலிருந்து வாளை உருவினேன். கைப்பிடி மட்டும் என்னோடு வந்தது. அலகு என் பாதத்தில் இறங்கியது. அன்றைய போரில் வாளால் வெட்டுப்பட்ட ஒரே ஆள் நான்தான். பிறகு யாரோ விட்ட அறையில் என் கண்ணாடி குழம்புச் சட்டிக்குள் போயிற்று.

பாதிரியார் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதுகில் கட்டை விழ விழப் பிடி இறுகியது. விரல்களைப் பிரித்தார்கள்; ஒன்று ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. கடைசியில் ஒருவன் மண்டையில் போட்டான். நெற்றி பிளந்து, ரத்தம் கல்லின் முகத்தில் இறங்கிப் புலியின் மீசைவரை வழிந்தது.

"நிறுத்துங்கடா" என்றார் பெரியவர்.

அவர்கள் வழக்கம் இது: கல்லை நட்டு, சேவல் அறுத்து ரத்தம் காட்டினால் சாமி அங்கே குடியேறிவிடும். அப்புறம் யாரும் அசைக்கக் கூடாது. நட்டது பாதிரியார். ரத்தம் காட்டியது அவர்களே.

"போச்சுடா. சாமி இங்கயே உக்காந்துருச்சு."

பாதிரியார் ரத்தம் கணக்கில் சேருமா என்று அடித்தவனே நப்பாசையோடு கேட்டான்.

"ரத்தத்துல என்னடா பாதிரியார் ரத்தம், பூசாரி ரத்தம்?"

அவர்களே பாதிரியாரை டிராக்டரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாடிப்படியில் விழுந்ததாகப் பாதிரியார் டாக்டரிடம் சொன்னார். அவர் வீட்டில் மாடி கிடையாது.

கல் அவருக்கே கிடைத்தது, சாமியோடு. வருடந்தோறும் டிராக்டர் வருகிறது. தலையில்லாத சேவல் காசுப் பெட்டிகளுக்கு நடுவே ரத்தம் பீச்சிக்கொண்டு ஓடுகிறது. பாதிரியார் குடையை விரித்து, சுவரைப் பார்த்து நிற்கிறார். எண்ணெய் ஏறி ஏறி, புலியின் மீசை போன வருடம் மறைந்தே போயிற்று. மீசை மறைந்த அன்று ஆசிட் புட்டியை என் கையில் கொடுத்து, தன் கைக்கு எட்டாதபடி என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.