துடைத்துவிட்ட விலை

நோட்டீஸ் வந்த மதியம் கடையில் அக்காவும் நானும் இருந்தோம். மச்சான் இல்லை, ஏலக்காய் ஏலத்துக்கு வண்டன்மேடு போயிருந்தார். ஆனைக்கரையில் அவர்களுடைய கடை சிறியது. சின்னத் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கும், நான் அமைத்துக் கொடுத்த இணையக் கடை வழியாக வெளியூருக்கும் விற்கிறார்கள்.

“தம்பி, இங்கிலீசுல இருக்கு. என்னன்னு பாரு,” என்று அக்கா உறையை நீட்டினாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மருந்துச் சீட்டோ கரண்டு பில்லோ, அச்சடித்த தாள் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும்.

நுகர்வோர் நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தது. எங்கள் இணையக் கடையில் கால் கிலோ வாங்கிய ஒருவர் புகார் கொடுத்திருந்தார். தள்ளுபடி என்று சொல்லி நாங்கள் குறுக்கே கோடு போட்டுக் காட்டிய பழைய விலை பொய், அந்த விலை கடையில் ஒருநாளும் இருந்ததில்லை என்றார். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தது என்று நாங்கள் காட்ட வேண்டும்.

சாயங்காலம் வந்த மச்சானுக்குப் படித்துச் சொன்னேன்.

“பொய்யா? நாலு மாசம் முன்ன அந்த வெலதான மாப்ள போட்டிருந்தோம்? ஏலத்துல வெல எறங்கவும் நாமளும் கொறச்சோம். இதுல என்ன களவாணித்தனம்?”

“எனக்குத் தெரியும் மச்சான். தேதியக் கேக்குறாங்க.”

“எடுத்துக் குடு. கம்ப்யூட்டர்ல இல்லாததா?”

அதில் இல்லை. கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும்; அன்றைக்குக் காய் வாங்கும் விலையை அதில் எழுதுவார்கள். பொழுது சாய்ந்ததும் அக்கா ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். விட்டுவைத்தால், மறுநாள் காய் கொண்டுவருகிறவர்கள் அந்த விலையே வேண்டும் என்று நகராமல் நிற்பார்கள். எங்கள் பக்கம் காய் வாங்குகிற கடைகளில் இதுதான் வழக்கம். இணையக் கடையையும் அக்கா அப்படித்தான் நடத்தினாள். விலை மாறினால் பழைய பதிவை அடியோடு நீக்கிவிட்டு, புதிதாக ஒன்றை ஏற்றி, பழைய விலையைக் கோடு போட்டுப் பக்கத்தில் காட்டுவாள். நீக்கியவை கொஞ்ச நாள் அதன் குப்பைக்கூடையில் கிடக்கும். அதையும் காலி செய்திருந்தாள்.

“குப்பைய யாராச்சும் சேத்து வைப்பாங்களா?” என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அந்த விலைக்கு ஒருவர் வாங்கியிருந்தாலும் ரசீது இருந்திருக்கும். ஒருவரும் வாங்கவில்லை. அதனாலும்தானே குறைத்தோம்.

இணையக் கடையின் மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன். விலை மாற்றங்களைத் தேதியோடு சேர்த்துவைக்கும் வசதி இருக்கிறது என்றாள் போனை எடுத்த பெண். “ஆனா ஆன் பண்ணின நாள்லருந்துதான் சார் பதிவாகும்.” பேசிக்கொண்டே ஆன் செய்தேன். அன்றைய விலை, யாருக்கும் வேண்டாத அந்த விலை, தேதியோடும் நேரத்தோடும் அழகாக உட்கார்ந்தது.

ஏலச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கட்டப்பனையில் ஒரு மலையாளி வக்கீலைப் பார்த்தோம். புரட்டிப் பார்த்தார். “இது ஏலத்தில உள்ள விலை. உங்க கடை விலை எவிடெ?” என்றார். கேஸை நீட்டினால் செலவு ஏறும், பேசி முடிப்பதே நல்லது என்றும் சொன்னார்.

“பணம் குடுத்தா நாமளே களவாணின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா மாப்ள?”

புகார் கொடுத்தவரோடு பேசி வக்கீல் எழுதிக்கொடுத்த சமரசத் தாளைத் திரும்பவும் படித்தேன். “அப்படி எழுதல மச்சான்.”

“இல்லன்னு எழுதியிருக்கா?”

“அதுவும் எழுதல.”

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவனிடம் அவ்வளவுதான் இருந்தது. பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். புகார் கொடுத்தவருக்கும் வக்கீலுக்குமாக மொத்தம் இருபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.