நாலாம் நம்பர் காலும் அஞ்சாம் நம்பர் காலும்

பாதி விலைக்குக் கிடைக்கிற பொருளை முழு விலை கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அலுவலகம் போய்வருகிறவள் நான். உட்கார இடம் கிடைத்துவிட்டால் கைபேசியில் ஆஃபர் தேடுவதுதான் என் பொழுதுபோக்கு. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குக்கர், போர்வை, துணி காயப்போடும் ஸ்டாண்டு எல்லாமே அப்படி அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியவை.

மகள் எட்டாம் வகுப்பில் நானூறு மீட்டர் ஓட ஆரம்பித்தாள். நல்ல ஷூ வாங்கிக் கொடுக்கச் சொன்னார் பள்ளியின் பி.டி. மாஸ்டர். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு செருப்புக் கடை உண்டு. என் வயதுள்ள ஓர் அக்கா தனியாக நடத்துகிறார். என் மகளை உட்காரவைத்து இரண்டு கால்களையும் அளந்தார்.

"பாப்பாக்கு ஒரு கால் பெருசா கீது மேடம். வலது அஞ்சு, இடது நாலுதான்."

பதின்மூன்று வருடமாக வளர்க்கிற எனக்கு அது தெரியாது.

ஏழு ஜோடி எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒரு நீல ஷூ மகளுக்குப் பிடித்துவிட்டது. "அஞ்சே எடுத்துக்கோங்க. இடது ஷூக்குள்ள ஒரு சோல் வெட்டி வெச்சுத் தரேன், ஆடாது" என்றார். நான் பெட்டியைத் திருப்பி, அதன்மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படம் எடுத்துக்கொண்டேன்.

"வீட்ல கேட்டுட்டு வரேங்க்கா."

கடைப் படியிலேயே நின்று தேடினேன். அதே ஷூ, முந்நூறு ரூபாய் குறைவு. அங்கேயே ஆர்டர் போட்டேன். "அம்மா, அந்த ஆன்ட்டி பார்க்கறாங்கம்மா" என்றாள் மகள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஷூ வந்தது. இடது கால் உள்ளே வழுக்கியது. பஞ்சை அடைத்தேன், இரண்டு சாக்ஸ் போட்டுவிட்டேன். ஒரு வாரப் பயிற்சியில் குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அடுத்த சனிக்கிழமை அணித் தேர்வு. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, "அந்த ஆன்ட்டி ஏதோ வெச்சுத் தரேன்னாங்களேம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு கடைக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்றார் என் கணவர். ஆனால் மகளின் கால் எப்படி என்று பார்த்தவர் அந்த அக்காதான். ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே போனேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் மேடம். படியிலயே நின்னு ஆர்டர் போட்டீங்களே" என்றார். "கோவம் வரலன்னு சொன்னா பொய்யாயிடும். நீங்க போனப்புறம் ஏழு ஜோடியும் திரும்ப அடுக்கினேன்."

பையிலிருந்து ஷூவை வெளியே எடுத்தேன். அவர் கையை நீட்டினார்.

"கோவம் உங்க மேலதான். பாப்பா கால் இன்னா பண்ணுச்சு? குடுங்க."

இடது ஷூவின் அச்சைத் தாளில் வரைந்து, அதன்படி சோல் வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது கூரியர்காரர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா சட்டென்று அதை வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினார். நான் பார்த்துவிட்டேன்.

"மிக்ஸி ஜாரு மேடம்" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. "பக்கத்து பாத்திரக் கடையில நூறு ரூபா ஜாஸ்தி சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும், சொல்லிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கனம் அந்தச் சிரிப்பில் பாதி இறங்கியது.

சோலுக்கு நாற்பது ரூபாய் என்றார். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, மீதி வேண்டாம் என்றேன். மீதியை என் கையில் திணித்தார். "சோலுக்கு சோல் வெலதான். அடுத்த ஷூ இங்க வாங்குங்க, போதும்."

சனிக்கிழமை மகள் இரண்டாவதாக வந்தாள். அணியில் இடம் கிடைத்தது. மைதானத்தில் மற்ற அம்மாக்கள் ஷூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் பிழையையும் சேர்த்துச் சொல்லி அந்தக் கடைக்கு வழி சொன்னேன். இப்போது மாலைகளில் அந்தக் கடை பெஞ்சில் பள்ளிப் பிள்ளைகள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடுகிற பிள்ளைகளுக்கென்று அக்கா தனி அலமாரியே போட்டுவிட்டார்.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ரயிலில் இன்னும் ஆஃபர் பார்க்கிறேன். ஆனால் ஒருவர் எனக்காக எடுத்துக் காட்டி, போட்டுப் பார்க்கவைத்த பொருளை வேறிடத்தில் வாங்குவதில்லை.

போன மாதம் மகளுக்குப் பழைய ஷூ சிறிதாகிவிட்டது. நேராக அக்காவிடம் போனேன். விலை கேட்கக்கூட இல்லை. இருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

"இத வாங்காதீங்க மேடம், சோல் கல்லு மாதிரி கீது. பத்து நாள் பொறுங்க, புது சரக்கு வருது."

பத்து நாள் காத்திருந்தேன்.